பன்னிரண்டு வலது கால்

தவக்காலம் வந்தாலே எனக்குக் குமட்டும். இதை நான் சொல்லக் கூடாதுதான். வாரநாளில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மறைக்கல்வி டீச்சர், போதாக்குறைக்கு அதே கோயிலின் பங்குச் சபைச் செயலாளர் வேறு. ஆனாலும் உண்மை அதுதான். நெற்றியில் சாம்பலைப் பூசிக்கொண்டு வெளியே வருகிற சனம், செருப்பைத் தேடும்போதே ஆரம்பித்துவிடும். "நீங்க இந்த வருசம் என்னாத்த விட்டீங்க?" ஒருத்தி முகநூலை விட்டுவிட்டேன் என்று முகநூலிலேயே எழுதுவாள். இன்னொருவர் வெள்ளிக்கிழமை இறைச்சியைத் தொடமாட்டார். அதற்குப் பதிலாக உள்ளங்கை அகலத்தில் அறக்குளா மீனைப் பொரித்து, பக்கத்தில் சோயா மீட் பிரட்டலும் வைத்து ஒரு பிடி பிடித்துவிட்டு, "இன்னிக்கு ஒருசந்தி, டீச்சர், ஒருநேரச் சாப்பாடுதான்" என்று என் முகத்திலேயே ஏப்பம் விடுவார். சீ!

என் அண்ணன் விட்டது சீனி. கலேவெல பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியவர். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்த பிறகும் பிளேன்டீக்கு நாலு கரண்டி போடுவார். சொன்னால் கேட்கமாட்டார். ஆனால் தவக்காலம் நாற்பது நாளும் ஒரு கரண்டி தொடமாட்டார். டொக்டர் சொன்னதற்காக விடாத சீனியை ஆண்டவருக்காக விடுகிறேன் என்று பெருமை வேறு. உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இனிக்க இனிக்கக் கித்துள் பாணியை ஊற்றித் தயிர்ச் சட்டியை வழித்துச் சாப்பிடுவார். "நாப்பது நாள் அவருக்கு, மிச்சம் எனக்கு" என்பார். அந்த மிச்சம்தான் அவருடைய வலது காலைத் தின்றது. போன வருடம் இரண்டு விரலை எடுத்தார்கள். இந்த வருடம் புண் குதிகாலைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது.

அண்ணி இறந்து பல வருடம். பிள்ளைகள் இல்லை. நானும் விதவை. மாத்தளையில் என் வீட்டில்தான் இரண்டு பேரும் இருக்கிறோம். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அந்தக் காலுக்கு மருந்து கட்டுவது என் வேலை. மூக்கில் தைலத்தைத் தடவி, லேஞ்சியைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவேன். பழைய துணியைப் பிரிக்கும்போது ஒரு நாற்றம் வரும் பாருங்கள், அது சோற்றில் வரும், தலைமயிரில் வரும், வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அங்கேயும் வரும். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரொம்ப நாறுதா, தங்கச்சி?" என்று கேட்பார். "இல்லண்ணே, மருந்து வாசம்" என்பேன்.

அண்ணனுக்கு இருந்தது ஒரே ஒரு கூட்டாளி. எல்லாரும் அவரைத் தலைவர் என்போம். தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர், இப்போது டவுனுக்கு வந்து பங்குச் சபைக்கும் தலைவர். ஆண்டாண்டு காலமாக ஒரே சின்னத்துக்குப் புள்ளடி போடுகிறவர். அண்ணனோ கடைசித் தேர்தலில் புதுக் கட்சிக்கு மாறி, அது ஜெயித்தும் விட்டது. பிறகு கேட்கவா வேண்டும்? தினமும் பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் யுத்தம்தான்.

"ஒங்க ஆளுங்க வந்து என்னாத்த கிழிச்சாங்க?" என்பார் தலைவர்.

"நீங்க இத்தன வருசமா கிழிச்சத தைக்கவே நேரம் பத்தல" என்பார் அண்ணன்.

தோட்டத்து லயத்துச் சனத்துக்குக் காணி கொடுப்பதாக யார் முதலில் சொன்னது, யார் அதிகம் ஏமாற்றியது என்பதில் தொடங்கி, சூடு ஏறினால் சிங்களத்துக்குத் தாவி, கடைசியில் மேசையில் அடிப்பார்கள். நான் சமையலறையில் காதைப் பொத்திக்கொள்வேன். அரசியல் என்றாலே எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். தலைவர் அண்ணனுக்கு எதிரே, அந்தக் காலுக்கு ஒரு முழத் தூரத்தில் உட்காருவார். ஒருநாளும் மூக்கைச் சுளித்ததில்லை. தேத்தண்ணியை அங்கேயே குடிப்பார், பிஸ்கட்டை அங்கேயே தின்பார்.

மற்றவர்கள் அப்படியில்லை. தவக்காலத்தில் மூன்றாவது வெள்ளி, சிலுவைப்பாதை முடிந்து கோயில் வளவில் கஞ்சி கொடுத்தார்கள். அண்ணன் ஊன்றுகோலோடு வந்து ஒரு வாங்கில் உட்கார்ந்தார். அதே வாங்கில் இருந்த குடும்பம் ஒவ்வொருவராக எழும்பியது. ஒரு பெண் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டே, "கஞ்சி சுடுது, காத்துல நின்னு குடிப்போம்" என்றாள். முழு வாங்கிலும் அண்ணன் மட்டும் தனியே கஞ்சி குடித்தார். அவளுடைய கொண்டையைப் பிடித்து அந்தக் கஞ்சிக்குள் முக்கலாமா என்று எனக்கு வந்தது. ஆனால் நானும் அண்ணன் பக்கத்தில் போய் உட்காரவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு கஞ்சிப் பானைக்குப் பக்கத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் சங்கத்துப் பொடியன்கள் இரண்டு பேர் வந்து அண்ணனிடம் கட்சிக் கதையைக் கிளப்பி, அவர் கத்தி, அவர்கள் கத்தி, சாமியார் வந்து விலக்கிவிட வேண்டியதாகிவிட்டது.

அடுத்த கிழமை கிளினிக்கில் திகதி கொடுத்துவிட்டார்கள். உயிர்ப்பு ஞாயிறு முடிந்து வருகிற செவ்வாய்க்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுப்பார்கள். அண்ணன் அழவில்லை. இரண்டு நாள் தலைவரோடு சண்டைகூடப் போடவில்லை. மூன்றாம் நாள் நான் மருந்து கட்டும்போது சொன்னார்.

"பெரிய வியாழனுக்கு பன்னெண்டு பேர் காலக் கழுவுவாங்கள்ல. அதுல என் பேரப் போடு, தங்கச்சி."

"எதுக்குண்ணே இப்ப?"

"வலது காலத்தானே கழுவுவாங்க. எனக்கு வலது கால்தானே போகப் போகுது. வெட்டி எங்க போடுவாங்களோ தெரியாது. அதுக்கு முன்னாடி ஒரு தடவ சாமியார் கையால கழுவட்டும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"பாப்போம்" என்றேன்.

ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவினதை நினைத்து உட்கார வைக்கிற அந்தப் பன்னிரண்டு பேரை எங்கள் கோயிலில் எப்படிப் பிடிப்பார்கள் என்று தெரிந்தால் உங்களுக்கும் குமட்டும். வேட்பாளர் பட்டியல் தோற்றுப்போகும். டவுனுக்கு இத்தனை, தோட்டத்துக்கு இத்தனை, இந்தக் கட்சிக்கு ஒருவர் என்றால் அந்தக் கட்சிக்கு ஒருவர், போன வருடம் விடுபட்டவருடைய மச்சான் ஒருவர். பட்டியலில் பேர் வந்தவர்கள் செய்கிற கூத்து அதைவிட மோசம். நகம் வெட்டி, குதிகாலைக் கல்லில் தேய்த்து, சென்ட் அடித்து வருவார்கள். ஒருவர் சலூனுக்கே போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தார். கழுவின காலைக் கழுவ ஒரு சடங்கு!

சபைக் கூட்டத்தில் பட்டியல் எழுதினது நான். பதினொரு பேர் எழுதியாகிவிட்டது. தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார், "பன்னெண்டாவது ஒங்க அண்ணன் பேரப் போடுங்க, டீச்சரம்மா. பாவம், அடுத்த மாசம் அந்தக் கால் இருக்காது."

ஒருவர் பேனாவைத் தட்டினார், ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். எல்லாருடைய மூக்கிலும் அந்த வாங்கு இருந்தது. எனக்கும் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பீடத்துக்கு முன்னால், நிறைந்த கோயிலில், துணியைப் பிரிக்கிறேன். முன்வரிசை முழுக்கச் சேலைத் தலைப்பை மூக்குக்கு எடுக்கிறது. சாமியார் மூச்சை அடக்குகிறார். கால் கழுவும் பேசினையும் துடைக்கும் துவாயையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது நான், டீச்சர். என் வீட்டு நாற்றம் அது.

"அண்ணன் வேணாம்" என்றேன். "அன்னைக்குக் கஞ்சி குடுத்தப்ப நடந்தது எல்லாருக்கும் தெரியும்தானே. அவர உக்கார வச்சா கட்சிப் பிரச்சினை வரும். பெரிய வியாழனும் அதுவுமா கோயிலுக்குள்ள அரசியல் வேணாம்."

எல்லாருடைய முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்ததே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "டீச்சர் சொல்றது சரி." "அரசியல் வேணாம்ங்க." "சொந்த அண்ணனாயிருந்தும் நியாயமா பேசுறாங்க பாருங்க." நாறுகிறது என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. கட்சி என்றதும் எல்லாருக்கும் வாய் வந்துவிட்டது.

தலைவர் மட்டும் விடவில்லை. "அவனோட தெனமும் சண்ட போடுறவன் நான். எனக்கே ஒண்ணுமில்லயே? கட்சின்னா என் பேரையும் வெட்டுங்க."

"நீங்க சபைத் தலைவர். ஒங்கள விட ஏலாது."

அவர் என்னையே பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது எனக்கும் விளங்கியது. பட்டியலை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டாவது இடத்தில், சலூனுக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்தாரே, அவரையே எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழும்பியே விட்டார். "போட்டாச்சா?"

"இல்லண்ணே. கட்சின்னு சொல்லி வேணாம்னுட்டாங்க."

"யாரு சொன்னா?"

நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன். "யாரு சொல்லுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

பொய் ஒரு சொல்கூட இல்லை பாருங்கள். கணக்கு டீச்சர் இல்லையா, அவ்வளவு சுத்தம். அண்ணன் மெல்ல உட்கார்ந்தார். "அவனா?" என்று மட்டும் கேட்டார். நான் உடுப்பு மாற்றப் போய்விட்டேன்.

மறுநாள் பின்னேரம் தலைவர் வந்தபோது அண்ணன் அறையை விட்டு வெளியே வரவில்லை. "மேடையில பேசுற வீரத்த என் கால்ல காட்டிட்டியா? போ, ஒன் கட்சிக்காரனுங்களோட போய் உக்காரு" என்று உள்ளிருந்தே கத்தினார். தலைவர் விறாந்தையில் நின்று என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டேன். வேறு என்ன கேட்க? வேணாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடித்துக்கொண்டாலும் ஒருநாள் பேசாமல் இருக்காத இரண்டு பேர்.

பெரிய வியாழன் அண்ணன் கோயிலுக்கு வரவில்லை. நான் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசனை சோப்பு, சென்ட், பவுடர். சாமியார் ஒவ்வொரு காலாகக் கழுவித் துடைத்து முத்தம் கொடுத்தார். தலைவருடைய முறை வந்தபோது அவர் குனிந்தே இருந்தார். முடிந்ததும் தண்ணீரை ஊற்றப் பின்பக்கம் போனேன். பன்னிரண்டு காலைக் கழுவிய தண்ணீர், குடிக்கலாம் போல இருந்தது. அங்கேயே, குரோட்டன் செடிகளுக்கு முன்னால், எனக்கு வாந்தி வந்தது. ஒருசந்தி இருந்ததால் வெறும் பித்தம்தான் வந்தது. "பாவம் டீச்சர், ஒருசந்தியில நின்னு மயக்கம் வந்திருச்சு" என்று யாரோ முதுகைத் தடவினார்கள். என் மேலேயே எனக்கு அருவருப்பு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை அண்ணனுடைய காலை எடுத்தார்கள். நான்காம் நாள், நோயாளர் பார்க்கிற நேரத்தில், தலைவர் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வார்ட்டுக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "என்னாடா, எப்பிடி இருக்க?" என்றார். அண்ணன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் காத்திருந்தார். இரண்டு தடவை கூப்பிட்டார். பிறகு பழப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தார். நான் வார்ட் வாசல்வரை பின்னால் போனேன்.

"டீச்சரம்மா, இன்னும் சொல்லலியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சொல்லாதீங்க" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் போனா அவனுக்கு ஒரு கூட்டாளிதான் போவான். ஒங்களையும் விட்டுட்டா அவனத் தூக்கி உக்கார வைக்க யாரு இருக்கா?"

அவர் படி இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாவற்றையும் அண்ணனிடம் சொல்லிவிடத்தான் திரும்பி வந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் வந்தேன். அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"போயிட்டானா?"

"போயிட்டாரு."

"பாத்தியா தங்கச்சி, கட்சின்னு வந்துட்டா மனுசன் எப்பிடி நாறிப் போயிடுறான்?"

"ஆமாண்ணே" என்றேன்.