வெள்ளம் வடிந்த பிறகு நோவா

சுனாமி வந்த மறுமாதம், மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவர் முகாமில் பிரசங்கம் செய்யப் போனேன். இறையியல் படித்த கர்வம் அப்போது எனக்கு அதிகம். முன்வரிசையில் ஒருவர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தே, "உலகை அழித்த வெள்ளத்தில் பேழையிலிருந்து பிழைத்த நீதிமானாகிய நோவாகூட, வெள்ளம் வடிந்ததும் குடித்து, ஆடை விலகிக் கிடந்தார்" என்று குரலை உயர்த்தினேன்.

அவர் எழுந்தார். "இன்னா பண்ணுவாரு அய்யா? பேழைலேர்ந்து எறங்கிப் பாத்தா ஊரே பூட்ச்சி. பேசிப் பழகுன ஒருத்தனும் இல்ல. எனுக்கு வூட்டுக்காரியே பூட்டா."

பிரசங்கத்தை அதோடு முடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது செங்கல்பட்டு பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து பைபிளில் அந்தப் பகுதியை மறுபடி வாசித்தேன். நோவாவின் பிள்ளைகள் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிடந்த தகப்பனைத் துணியால் மூடுகிறார்கள். எனக்கு மனப்பாடமான வசனம்தான். பிரசங்கத்தில் அந்த வசனம் வரைக்கும் நான் போகவே இல்லை.