கூரை தொடாத சுவர்

வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இரண்டு காம்பரா அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரைக்கும் வெறும் இடைவெளி. அந்த வீட்டில் கடுகு தாளித்தால் இந்த வீட்டில் தும்மல் வரும். இலங்கையில் எஹலியகொடப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு அது குறையாகவே பட்டதில்லை.

சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சித்தப்பா குடும்பம். அப்பாவைப் பெற்ற அப்பாயி, வழக்கப்படி கடைசி மகனோடு அந்தப் பக்கம் இருந்தார். பின்பக்கத்து ஒரு முழ இடத்தில் சமைக்க யார் குசினி இறக்குவது என்று தொடங்கிய சண்டையில், அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை விட்டு வருஷக் கணக்காகியிருந்தது. இருவரும் ஒரே மலையில் இறப்பர் மரங்களில் பால் வெட்டினார்கள். ஒருவர் எதிரே வந்தால் மற்றவர் மரத்தைப் பார்ப்பார்.

அப்பாயிக்கு ஒரே ஆசைதான். கண் மூடுவதற்குள் இரண்டு மகன்களும் பேசிவிட வேண்டும்.

அதற்கு அவர் கண்ட வழி, பொய். பெரியவர்கள் எல்லாரும் மலைக்குப் போன பிறகு, முன் திண்ணையான இஸ்தோப்பு மூலையில் இருந்த தன் அடுப்பில் கறி ஆக்குவார். பெரும்பாலும் பொலஸ் கறி, பிஞ்சுப் பலாக்காயில் வைப்பது. ஒரு கோப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, சுவர் தாண்டாத குரலில், "தம்பி வீட்டுல குடுத்து விட்டாங்க" என்பார். இன்னொரு கோப்பையைச் சித்தப்பா முன்னால் வைத்து, அதே கிசுகிசுப்பில், "அண்ணன் வீட்டுலருந்து வந்துச்சு" என்பார். ஒரே கறி என்று தெரிந்துவிடக் கூடாதே என்று, பாதியை எடுத்து வைத்துவிட்டு மீதிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூள் போடுவார். உறைப்பில்லாதது அப்பாவுக்கு, ஏனென்றால் அவருக்கு வயிற்றுப் புண். பொய்யிலும் மகன் வயிற்றை மறக்காத பெண்பிள்ளை அவர்.

சாயங்காலத்தில் அந்தப் பக்கம் அப்பாயி இருமினால், இந்தப் பக்கமிருந்து அப்பா குரல் கொடுப்பார். "அம்மா, தண்ணி குடிச்சியா?" சித்தப்பா அங்கேதான் இருப்பார். இருந்தாலும் கேட்பார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாக்கு நீளம். ஓ லெவல் பரீட்சைக்குப் படித்த வருஷம், பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்ட ஒரு நாளில், அப்பாயி கறியைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டேன். பார்த்ததோடு விட்டிருக்கலாம். அன்று மாலை அப்பா விரலை நக்கிக்கொண்டே, மெல்ல, "என்ன இருந்தாலும் தம்பி பொண்டாட்டி கை தனிதான்" என்றார். மலையிலிருந்து வந்து ஈரத் துணிகூட மாற்றாமல் சோறாக்கிப் போட்ட அம்மாவின் முகம் வாடியது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"சின்னம்மா ஒண்ணும் குடுக்கல! எல்லாம் அப்பாயி ஆக்குனது. ரெண்டு வீட்டுக்கும் பொய் சொல்றாங்க!"

சுவருக்கு மேலே வெறும் இடைவெளி என்பதை அந்த நிமிஷம் மறந்தே போனேன். அங்கே தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு அப்பாயியைக் கேட்கும் சின்னம்மாவின் குரல்: "அப்ப இங்க வந்ததும் அவங்க குடுத்தது இல்லயா? நம்மள வச்சு வெளயாடுறீங்களா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கொத்து வேலை செய்யும் மேசன் பாஸைக் கூட்டி வந்து, சீமெந்துக் கல் வைத்துத் தகரம் வரைக்கும் சுவரை ஏற்றினார். "கட்டட்டும்" என்றார் அப்பா. கட்டியது பாஸ்தான். கட்ட வைத்தது என் வாய்.

அப்பாயி என்னைத் திட்டவே இல்லை. "நீ சொன்னது நெசந்தானே கண்ணு" என்று தலையைத் தடவினார். நாலு அடி அடித்திருந்தால் தேவலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். முட்டி வலியோடு படி இறங்கி ஏறி எங்கள் பக்கம் வருவது அதன் பிறகு குறைந்துபோனது. இருமல் இந்தப் பக்கம் கேட்காததால் அப்பாவும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில், சித்தப்பாவும் சின்னம்மாவும் பால் வெட்டப் போயிருந்தார்கள். கால் வீங்கி வேலைக்குப் போகாத அப்பா, அந்தச் சுவரில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பகலில் திரும்பிய சின்னம்மா போட்ட அலறல் மட்டும் முன்வாசல் வழியாக வந்தது. அப்பாயி கட்டிலுக்குக் கீழே கிடந்தார். உடம்பு குளிர்ந்திருந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டிருந்தது.

"கூப்புட்டிருக்குமா?" என்று அப்பா என்னைக் கேட்டார். அம்மாவைக் கேட்டார். துக்கத்துக்கு வந்தவர்களையெல்லாம் கேட்டார். யாருக்குத் தெரியும்?

கருமாதி முடிந்த மாலை. யாரும் சொல்லாமலே சித்தப்பா ஸ்டூலைப் போட்டு ஏறி, புதுக் கற்களைச் சுத்தியலால் தட்டத் தொடங்கினார். சத்தம் கேட்ட அப்பா வீங்கிய காலோடு எழுந்து, இந்தப் பக்கம் விழப்போன கற்களை ஒவ்வொன்றாக வாங்கி இறக்கினார். இருவரும் பேசவில்லை. பழைய சுவரின் உயரம் வந்ததும் சித்தப்பா இறங்கிக்கொண்டார்.

விளக்கு வைத்த பிறகு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. சீமெந்துத் தூசி சித்தப்பாவின் தொண்டையில் ஏறியிருக்க வேண்டும். சோற்றில் கை வைத்திருந்த அப்பா அப்படியே நிமிர்ந்தார்.

"தண்ணி குடிச்சியாடா?"