ஐம்பத்தோரு கிலோ

செவ்வாயும் வெள்ளியும் கன்னியப்பனை டயாலிசிசுக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. அவன் பிள்ளைக்குக் கம்பெனியில் ஷிப்டு, லீவு கிடைக்காது. எனக்கோ ரிட்டையர் ஆனபின் வெட்டிப்பொழுது. காலையில் உத்திரமேரூரில் பஸ் ஏறினால் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி போய்த் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். இதைக் கேட்டுவிட்டு என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நேராகச் சொல்ல எனக்கு எப்போதுமே வராது. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

ஊசி போடுவதற்கு முன்னால் எடை பார்ப்பார்கள். போன வெள்ளிக்கிழமை மெஷின் ஐம்பத்து மூன்று காட்டியது.

"ரெண்டு கிலோ ஏறியிருக்கு தாத்தா. தண்ணி ஜாஸ்தியா குடிச்சீங்களா?" என்றாள் நர்ஸ்.

"ஒரு சொம்புதாம்மா. வோணும்னா மொட்ட அடிச்சிக்கினு வரட்டா?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

வெளி பெஞ்சில் ஒரு வாலிபர் போனைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில், ஒரே எடைப் பிரிவில் உலகத்திலேயே சிறந்த குத்துச்சண்டைக்காரர்கள் பத்துப் பேரை ஒருவன் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். பத்தாவது இவன், ஒன்பதாவது அவன் என்று ஒவ்வொருவனாக இறங்கி வந்தான். எங்களிடமும் இப்படி ஒரு லிஸ்ட் இருந்தது தம்பி என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் கிழவனுக்கு வேலையில்லை என்று நினைப்பார்.

எங்கள் லிஸ்ட் இருந்தது ஒரு ரைஸ் மில் சுவரில். புழுங்கல் நெல் அவிக்கும் வாசனை இப்போது எங்கே வந்தாலும் எனக்குக் கூடவே வேர்வை நாற்றமும் வரும். உத்திரமேரூரை அடுத்த அந்த மில்லில் நான் எடை போடும் ஆள். அப்பா போய்ச் சேர்ந்த வருஷம். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு அக்கா. மீசைகூட ஒழுங்காக வராத எனக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிய பாடு.

சாயங்காலம் களத்தில் நெல்லை வாரி முடித்ததும் நாலு மூங்கிலை நட்டு, கயிறு கட்டி, குத்துச்சண்டை நடக்கும். சென்னை துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த பழக்கம் அது. கோணியில் உமியை அடைத்து மில் கொட்டகையில் தொங்கவிட்டுக் குத்துவார்கள். இரண்டு குத்துக்கு ஒருதரம் தையல் பிரிந்து உமி கொட்டும். ஊர்ப் பெரியவர்கள் "நெல்லு மூட்ட தூக்கத் துப்பில்ல, உமி மூட்டையோட சண்டையாம்" என்று சிரித்துக்கொண்டு போவார்கள்.

நான் ஒரு நாள்கூடக் கயிற்றுக்குள் போனதில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தாலே கண் கலங்குகிற ஆள் நான். ஆனால் தராசு என் கையில் இருந்ததால் எடை பார்ப்பது நான், யார் எந்தப் பிரிவு என்று சொல்வது நான், கடைசியில் யார் பெரிய ஆட்டக்காரன் என்று தீர்ப்புச் சொல்வதும் நானே என்று ஆகிவிட்டது. ஆடத் தெரியாதவன்தானே எப்போதும் மார்க் போடுகிறான்.

எங்கள் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் ஐம்பத்தோரு கிலோ. தின்ற சோறு அவ்வளவுதான். அதனால் அந்தப் பிரிவில்தான் போட்டி. மூட்டைக்கு அடையாளம் போடும் மையில் குச்சியை நனைத்துச் சுவரில் எழுதிவைத்திருந்தேன். ஐந்தாவது இடத்தில் மாசத்துக்கு ஒரு ஆள் மாறுவான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவன் அதில் ஏறிவிடுவான் என்று ஒரு பேச்சு உண்டு, அது பொய்யில்லை. நாலாவது தாமல் பாபு. அடி வாங்குவதில் அவனை அடிக்க ஆளில்லை. மூன்றாவது பழையசீவரம் தேவராஜ், இடக்கைக்காரன். பாலாற்று மணலில் ஓடி ஓடிக் கால் இரும்பு. இரண்டாவது ஏகாம்பரம், காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறிக்குழியில் மிதித்துப் பழகிய கால். களத்தில் நிற்கிறானா நகர்கிறானா என்றே தெரியாது. ஒரே ஒரு தடவை எங்கள் களத்துக்கு வந்து தேவராஜைத் திணற அடித்துவிட்டுப் போனான்.

முதலாவது கன்னியப்பன். காவாந்தண்டலத்துக்காரன், என் சிநேகிதன். வலது கையால் ஒரு குத்து விட்டால் உமி மூட்டை மேல் விட்டத்தை இடிக்கும். ஆனால் பாவி உடம்பு, ஐம்பத்தோரு கிலோவில் நிற்காது. ஒவ்வொரு போட்டிக்கும் இரண்டு நாள் பட்டினி. தண்ணீரைக் கொப்பளித்துத் துப்புவான், விழுங்கமாட்டான். சித்திரை வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏரிக்கரையில் ஓடுவான். அப்புறம் என் தராசில் ஏறி நிற்பான். முள் நடுவில் நிற்கும். "அம்பத்தொண்ணு!" என்று நான் கத்துவேன்.

இப்போது அந்தத் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் எடைக் குண்டின் அடியில் ஒரு ஈயத் துண்டு ஒட்டியிருந்தது. விவசாயி கொண்டுவரும் எழுபத்தைந்து கிலோ மூட்டை எழுபத்து மூன்றரை காட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பார்த்துவிட்டேன். முதலாளியும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். "கண்ணு பாக்கலாம், வாயி பேசக்கூடாது. புரிஞ்சிதா?" என்றார். அக்காக்களை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

மூட்டைக்குக் குறைந்தால் ஆளுக்கும் குறையும். எங்கள் தராசில் ஐம்பத்தொன்று என்றால் நிஜத்தில் ஐம்பத்திரண்டு. களத்தோடு இருந்தவரை அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, எல்லாருக்கும் ஒரே பொய்தானே. ஆனால் மாவட்டப் போட்டி வந்தது. ஜெயித்தால் விளையாட்டுக்காரர் ஒதுக்கீட்டில் சர்க்கார் வேலைக்கு வழி. கன்னியப்பனும் ஏகாம்பரமும் மோதுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. 'உரக்கடைத் தராசுல ஒருதரம் ஏறிப் பாருடா' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான், அதுவும் டீக்கடையில் நின்று எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கேட்பான். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். தராசு ஐம்பத்திரண்டு காட்டியது. கன்னியப்பன் இறங்கி, மறுபடி ஏறினான். ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். கம்பளியோடு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். எச்சிலைத் துப்பினான். வாசலில் இருந்த நாவிதரிடம் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தான். அறுநூறு கிராம் மிச்சம். பேரை அடித்துவிட்டார்கள். எதிர் ஆள் வராமலே ஏகாம்பரத்தின் கையைத் தூக்கினார்கள். அவனும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றான்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நாலு சோடா குடித்தான். "ஊருல கேட்டா வேண்டுதல்னு சொல்லிடு" என்றான் தலையைத் தடவிக்கொண்டு. வழியெல்லாம் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஏகாம்பரம் வேலை கிடைத்துப் போய்விட்டான். கன்னியப்பன் கலப்பையைப் பிடித்தான். நான் மட்டும் லிஸ்டை விடவில்லை. டீக்கடை, கல்யாணப் பந்தி, எங்கே பேச்சு வந்தாலும் ஐம்பத்தோரு கிலோவில் கன்னியப்பன்தான் முதல் ஆள் என்பேன். "யோவ், உனுக்கு வேற வேல இல்லியா? நான் அந்த லிஸ்ட்லயே இல்ல. அந்த எடயில நான் என்னிக்கி இருந்தேன்?" என்பான் அவன். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியாதவன் வாயாலேயே வாரி வழங்குவான் அல்லவா, அந்தக் கதைதான் என்னுடையது.

போன வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் நடக்கும்போது அவனுக்குக் கால் நரம்பு இழுத்துக்கொண்டது. பிடித்துவிட என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அந்த மொட்டைப் பேச்சு நெஞ்சில் முள்ளாக இருந்தது. காலைப் பிடித்தபடியே, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"மில்லு தராசுல ஈயம் இருந்துச்சிடா. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்" என்றான் கன்னியப்பன்.

"எப்பலேர்ந்து?"

"அந்த வருசமே. நெல்லுக்குக் கொறையும்னு ஊருக்கே தெரியும்டா. ஆளுக்கும் கொறையும்னு எனுக்குத்தான் தோணல. மொட்டத் தலையில முடி மொளைக்கசொல்லதான் தோணிச்சி."

"அப்ப ஏன் இத்தினி வருசம் கேக்கல?"

"கேட்டா? அப்பால நீ என் வூட்டாண்ட வந்திருப்பியா?"

மெஷின் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவனே மேலே சொன்னான்: "ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு நாளு பட்டினி கெடந்திருப்பேன். அவ்ளோதான?"

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். நர்ஸ் பெண் அவனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தாள்.

உடம்பில் ஏறின தண்ணீரை மெஷின் எடுத்து முடித்ததும் மறுபடி எடை பார்த்தார்கள். அவனுக்கு இப்போது பார்வை மங்கல். "இன்னா காட்டுது?" என்றான்.

"அம்பத்தொண்ணு."

"பாயிண்ட்டு?"

"பாயிண்ட்டு ஜீரோ."

மெஷினை விட்டு இறங்காமல் நின்றான். "எழுதிக்கோ. இப்ப நான் லிஸ்ட்ல கீறேன். ரெண்டாவது."

"மொதலாவதுடா."

"ஏகாம்பரத்தோட நான் ஆடவே இல்லியே. ஆடாம எப்படிடா மொதலாவது?"

பஸ்ஸில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். மில் இருந்த இடத்தைக் கடந்தோம். அங்கே இப்போது மஞ்சள் கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். தராசு பழைய இரும்புக்குப் போயிற்று. சுவரை இடித்த அன்று நானே போய் நின்று பார்த்தேன். ஏகாம்பரம் செத்து நாலு வருஷம் ஆகிறது. அவையெல்லாம் இருந்து போனவை. அவர்கள் இரண்டு பேரும் ஆட வேண்டிய மூன்று ரவுண்டு மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை. அதை இல்லாமல் செய்தவன் நான்.

சட்டைப்பையில் மருந்துச் சீட்டு இருந்தது. அதன் பின்பக்கம் இரண்டு என்று போட்டுக் கன்னியப்பன் பெயரை எழுதினேன். மேலே ஒன்று என்று மட்டும் போட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் மடித்து வைத்துக்கொண்டேன்.