பர்மா தேக்கு என்று சொன்னேன்

ரங்கூனுக்கு வரும் தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது என் தொழில். கண்டாஜி ஏரியில் இரண்டு பொன்பறவைகள் முன்னால் தாங்க, அடுக்குக் கூரையோடு படகுபோல் நிற்கும் மாளிகைக்கு என்னிடம் ஒரே கதைதான் இருந்தது. ராஜா கட்டியது, ராணி இங்கே காற்று வாங்கினாள் என்பேன். உண்மையில் அது பழைய ராஜபடகின் சாயலில் என் அப்பா காலத்தில் எழுப்பிய கட்டடம். ராஜா என்றால்தான் கூட்டம் காது கொடுக்கும்.

அன்று ஒரு காரைக்குடிப் பெரியவர், "இத்தனை வருஷமா தண்ணியில மரம் எப்படிங்க தாங்குது?" என்று கேட்டார்.

"பர்மா தேக்குங்க," என்றேன் கூசாமல்.

பக்கத்தில் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் டோ சான் நிமிர்ந்தார். கன்னத்தில் பர்மியப் பெண்கள்போல் தனாக்கா மரச்சாந்து பூசியிருக்கும் அவரோடு நான் எப்போதும் பர்மியத்தில்தான் பேசுவேன்.

"தேக்கு இல்ல தம்பி. செங்கல்லு, சிமெண்டு. எங்கப்பா தலையில சுமந்தாரு," என்றார் தமிழில்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. "நீங்க தமிழா? சொல்லவே இல்லையே."

"நீ கேக்கலையே. தினமும் உன் ராஜா கதைய கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

பயணிகள் மாளிகையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். பெரியவர் மெதுவாக, "அப்பா பேரு என்னம்மா?" என்றார்.

"மாரிமுத்து."

இல்லாத ராணியைக் கொண்டுவந்து உட்கார வைத்த நான், இருந்த மனிதரை இறக்கிவிட்டிருந்தேன். இப்போது டோ சான் வேலைக்கு வராத நாட்களிலும் சிமெண்ட் என்றுதான் சொல்கிறேன்.