செவலைக்குப் போட்ட ஊசி

பெரியதம்பியைக் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையில் பாதி துக்கம் குறைந்திருக்கும்.

துறையூர்ப் பக்கத்துக்காரன். கடல் கடந்து மலாக்காச் சீமைக்குப் போய், அலோர் காஜாவுக்கு வடக்கே கித்தா என்கிற ரப்பர்த் தோட்டம் ஒன்றில் மாட்டுவண்டி ஓட்டினான். காய்ந்த கித்தா ஷீட்டை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவதும் அரிசி மூட்டையோடு திரும்புவதும் அவன் வேலை. பிறகு தோட்டத்துக்கு லாரி வந்தது. லாரி வந்த கையோடு கித்தா விலையும் படுத்துக்கொண்டது. கூலிகளைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பெரியதம்பிக்கு ஊரில் போய் நிற்க ஒரு குழி நிலமில்லை. அதோடு, கப்பலேற முடியாத நிலைமையில் வீட்டில் ஒரு குழந்தை இருந்தது.

அந்தக் குழந்தையின் பெயர் பெரியநாயகி. அவன் பெண்சாதி இருசம்மாள் பெற்றதையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, இனி இல்லை என்று இருந்தபோது பிறந்தவள். பிரசவத்துக்குப் பின் இருசம்மாளுக்கு மலைக்காய்ச்சல் வந்து ஆளைச் சாய்த்துவிட்டது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் தங்கராஜு வந்து கொயினா ஊசி போட்டார். மூன்றாம் நாள் இருசம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். ஊசி என்றால் உயிர் என்று பெரியதம்பியின் மனதில் பதிந்தது அன்றைக்குத்தான்.

உயிர் வந்தது, பால் வரவில்லை. டின் பால் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றால் போயிற்று. கடைசியில், கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் அவர்கள் கட்டியிருந்த மயிலைப் பசுவின் பால்தான் ஒத்துக்கொண்டது. மயிலை கறந்தால் நாயகி சிரிப்பாள். கறக்காவிட்டால் அந்த வீட்டில் உலை வைத்தும் பிரயோசனமில்லை.

அப்போதுதான் ஆண்டவன் வழி விட்டான் என்று நினைக்கும்படி, பக்கத்திலேயே அரசாங்கத்து மாட்டு ஆராய்ச்சிக் கொட்டகையில் ஆள் கேட்டார்கள். சனங்கள் அதற்கு வைத்த பெயர் மாட்டாஸ்பத்திரி. தப்பு பெயரிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரி என்றால் நோயோடு போய்ச் சுகத்தோடு வர வேண்டும். இங்கே சுகத்தோடு போன மாடு நோயோடு விழுந்தது.

அந்தக் காலத்தில் வெக்கை நோய் மாடுகளை வாரிக்கொண்டு போனது. கண்ணில் நீர் வடியும், வாய் வெந்து புண்ணாகும், கழிச்சல் கண்டு மாடு சுருண்டுவிடும். ஒரு மாட்டின் உடம்பு அந்த நோயை எப்படித் தாங்குகிறது, சூடு எப்போது ஏறுகிறது, ரத்தம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் கொட்டகையை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் ஆராய்ச்சி. நோய் கண்ட கன்றின் ரத்தத்தை எடுத்து நல்ல மாட்டுக்கு ஊசியில் ஏற்றுவார். மேல் கொட்டகையில் அப்படி ஏற்றியவை கிடந்து துடிக்கும். பிழைத்தவை கீழ்க் கொட்டகைக்கு வரும். அவற்றுக்கு மேலும் மேலும் அதே ஊசி. ஒருமுறை நோயை வென்ற உடம்பு என்பதால் அவை அசையாது. அவற்றின் ரத்தத்திலிருந்துதான் மற்ற மாடுகளைக் காக்கும் மருந்து இறக்கினார்கள். துரையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த மருந்தால் எத்தனையோ கம்போங்குக் கிராமங்களில் எருமைகள் பிழைத்தன. ஆனால் இதில் ஒரு வார்த்தையைக்கூடப் பெரியதம்பிக்கு யாரும் சொல்லவில்லை.

அவனைக் கீழ்க் கொட்டகையில் விட்டார்கள். துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் இருந்தவர் கனகலிங்கம் என்ற, கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி. வெள்ளை உடுப்பு, விபூதி, கையில் குடை. முதல் நாளே சட்டம் போட்டார்.

"நான் சொல்லுறதை வடிவாக் கேளும். வேலை முடிஞ்சால் உந்த மருந்துத் தண்ணியில காலைக் கழுவிப்போட்டு, உடுப்பை மாத்திப்போட்டுத்தான் வெளிக்கிடவேணும். இங்கயிருந்து ஒரு வைக்கோல்கூட வெளிய போகப்படாது."

"ஏனுங்கய்யா?"

"ஏனெண்டு கேக்காதையும். துரை சொன்னால் சொன்னதுதான்."

ஏன் என்று சொல்வதற்கு ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் ஆகியிருக்காது. அந்த நேரத்தை மிச்சம் பிடித்த புண்ணியவான் கனகலிங்கம். வெள்ளைக்காரனுக்கும் தீட்டு, மடி உண்டு போலிருக்கிறது என்று பெரியதம்பி சிரித்துக்கொண்டான். சிரித்தாலும் சட்டத்தை ஒரு நாளும் மீறவில்லை.

அவன் கண்ணால் கண்டது இதுதான்: தன் கொட்டகை மாடுகளுக்கு ஊசி போடுகிறார்கள், மாடுகள் கொழுகொழுவென்று நிற்கின்றன. மேல் கொட்டகையில் சாகிறவை எங்கிருந்தோ சீக்கோடு வந்தவையாக இருக்கும் என்று தானே முடிவு கட்டிக்கொண்டான். மனைவிக்குப் போட்ட ஊசி பிழைக்க வைத்தது. மாட்டுக்குப் போடும் ஊசி மட்டும் வேறு என்ன செய்யும்?

அந்தத் தை பிறப்பதற்குச் சற்று முந்தி ஒரு செவலைக் காளையைப் புதிதாக வாங்கி வந்தார்கள். திமிலைப் பார்த்தால் கண் பட்டுவிடும், அப்படிப்பட்ட காளை. மேல் கொட்டகையில் இடமில்லாததால் அவன் கொட்டகையின் ஓரத்தில் தனியாகக் கட்டினார்கள். பெரியதம்பி அதைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டே கேட்டான்.

"ஐயா, செவலைக்கு ஊசி போட்டாச்சுங்களா?"

"ஓம், போட்டாச்சு. இனி உந்த மாட்டைப் பாத்துக்கொண்டிருக்கிறதுதான் வேலை" என்றார் கனகலிங்கம். அதோடு பொங்கலுக்கு மலாக்கா டவுனுக்குப் போய்விட்டார்.

பெரியதம்பிக்கு மனது குளிர்ந்தது. செவலைக்கு இனி பயமில்லை.

பயமெல்லாம் லயத்தில்தான் இருந்தது. லூபோக் சீனா என்ற ஊர்ப் பக்கம் வெக்கை வந்துவிட்டது என்ற பேச்சு பரவியிருந்தது. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா இரண்டு எருமை வைத்திருந்தவள். அவள் அவனை வழிமறித்தாள்.

"ஏம்ப்பா, அங்க மாடெல்லாம் நொரை தள்ளிச் சாவுதாம். நீ மாட்டாஸ்பத்திரியில இருக்கிற ஆளு. எங்களுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?"

வீட்டுக்குள் வந்தால் இருசம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதையே கேட்டாள். "மயிலைக்கு ஒண்ணுன்னா நாயகி என்னத்தக் குடிக்கும்? நீ யோசிச்சியா?"

அவன் யோசித்தான். அதுதான் வினை.

அவன் ஊரில் மாட்டுப் பொங்கலன்று ஒரு வழக்கம். பட்டியிலேயே திடமான மாட்டுக்கு முதலில் இலை போட்டுப் பொங்கல் ஊட்டுவார்கள். தின்றதும் அதன் வாயைக் கழுவி, அந்த எச்சில் தண்ணீரைச் செம்பில் பிடித்து, மாவிலையால் மற்ற மாடுகள் மேலெல்லாம் தெளிப்பார்கள். "பட்டி பெருக, பால்பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோட போக" என்று கூவிக்கொண்டே சுற்றி வருவார்கள். திடமான மாட்டின் சத்து எல்லா மாட்டுக்கும் சேரட்டும் என்று முன்னோர் வைத்த முறை. செவலையைவிடத் திடமான மாடு எங்கே இருக்கிறது? அதிலும் துரை கையால் ஊசி போட்ட மாடு.

மாட்டுப் பொங்கல் காலையில் பெரியதம்பி வாழையிலையில் பொங்கல் கொண்டுபோனான். செவலை வழக்கம்போல் வாரித் தின்னவில்லை, பாதியை நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூக்கில் நீர் கோத்திருந்தது. மாட்டு மூக்கு ஈரமாக இருப்பது நல்லதுதானே என்று நினைத்தான். வாயையும் மூக்கையும் பாசத்தோடு கழுவிச் செம்பில் பிடித்தான். பிறகு மருந்துத் தண்ணீரில் காலைக் கழுவினான், உடுப்பை மாற்றினான். ஒரு வைக்கோலும் வெளியே போகவில்லை. செம்பு மட்டும் போனது.

லயமே திரண்டு நின்றது. அவன் கூவக் கூவப் பிள்ளைகளும் சேர்ந்து கூவினார்கள். குஞ்சம்மாவின் எருமைகள் மேல் தெளித்தான், கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் வீட்டுப் பசுக்கள் மேல் தெளித்தான். மயிலைக்கு மட்டும் மேலே தெளித்தது போதாமல், வாயைத் திறந்து ஒரு கை ஊற்றினான். நாயகியின் மாடு அல்லவா! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே எமனாய் முடிந்தது.

செவலை மறுநாளே படுத்தது. அந்த வாரம் முடிவதற்குள் மயிலையின் மடி வற்றியது, கண் ஒழுகியது. அப்புறம் ஒவ்வொரு வீட்டுக் கொட்டிலாக நோய் நடந்து போனது. அரசாங்கத்து ஆட்கள் துப்பாக்கியோடு வந்து, நின்ற மாடுகளையும் சுட்டுக் குழியில் தள்ளிச் சுண்ணாம்பு கொட்டினார்கள். மயிலையின் கயிற்றை அவிழ்க்கும்போது அது பெரியதம்பியின் புறங்கையை நக்கப் பார்த்தது, நாக்கு வெந்துபோயிருந்தது. அவன் பெண்பிள்ளைபோல் விசும்பி அழுதான்.

நோய் எப்படி வெளியே போயிற்று என்று துரை விசாரித்தார். பெரியதம்பி ஒன்றையும் மறைக்கவில்லை. செம்பு, மாவிலை, கூவின வார்த்தை வரை சொன்னான். கனகலிங்கம் துரைக்கு இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, துரையின் முகத்தில் கோபம் போய் ஆர்வம் வந்தது. வாயில் ஊற்றிய மாடு முதலில் விழுந்ததா, தெளித்த மாடு முதலில் விழுந்ததா என்று கேட்கச் சொன்னார். லயத்து மாடுகளும் அவருக்கு ஓர் ஆராய்ச்சியாகிவிட்டன.

"ஊசி போட்ட மாடுதானேய்யா, அதுக்கு எப்படி நோவு வந்துச்சு?" என்று பெரியதம்பி கேட்டான்.

கனகலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. குடையைக் கீழே வைத்தார். "ஊசிக்குள்ள இருந்தது மருந்தெண்டு உமக்கு ஆர் சொன்னது? அதுக்குள்ள இருந்ததே நோய்தான் காணும்."

பெரியதம்பி வேலையோடு சேர்த்து இன்னொன்றையும் அங்கே தொலைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அது என்னவென்று கொஞ்ச நாளில் தெரிந்தது.

நாயகிக்கு மறுபடி டின் பால், மறுபடி கழிச்சல். குழந்தை வற்றல்போல் ஆனது. அந்த உடம்பில் மலைக்காய்ச்சலும் ஏறியது. தங்கராஜு டிரெஸர் கொடுத்த கொயினாத் தண்ணீர் வாயில் தங்கவில்லை. ஒரு சாயங்காலம் அவர் ஊசிப் பெட்டியோடு வந்தார். பெரியதம்பி வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"வழி விடுப்பா. இனி ஊசியில ஏத்துனாத்தான் பிழைக்கும்."

"உள்ள என்ன இருக்குது?"

"மருந்துதான்லா. வேற என்ன இருக்கும்?"

"அங்கயும் நான் அப்படித்தான் நெனச்சேன்."

"அட, உன் பெஞ்சாதிக்குப் போட்ட அதே ஊசிப்பா இது!"

உள்ளேயிருந்து இருசம்மாள் கத்தினாள். "குத்தட்டும் விடு! எனக்குக் குத்தித்தானே எந்திரிச்சேன்! உன் கால்ல விழறேன்!"

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. அவன் உள்ளே ஓடிக் குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டான். "எம்புள்ளைக்கு எதையாச்சும் ஏத்திவிட்டுப் பாத்துக்கிட்டு இருப்பீங்களா? விடமாட்டேன்." டிரெஸர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். பிறகு மண்டோரைக் கூட்டிவரப் போனார். அவர்கள் வந்து சேர்வதற்குள் குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது. பெரியதம்பி அப்போதும் அணைத்த கையை விடவில்லை. போன உயிரையும் அணைத்துக்கொண்டுதான் இருந்தான்.

இருசம்மாள் அவனைத் திட்டவில்லை. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "மாட்டுக்கு நம்புனே. புள்ளைக்கு நம்பலியே." அதற்கப்புறம் அவர்கள் பல வருஷம் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள், அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை.

பெரியதம்பி அதே தோட்டத்தில் புல் வெட்டிக் காலம் தள்ளினான். அம்மைக்கும் காய்ச்சலுக்கும் ஊசி போட ஆட்கள் வந்தால் பாதி லயம் காட்டுக்குள் ஓடி ஒளியும். பெரியதம்பி மட்டும் முதல் ஆளாகப் போய்ச் சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டுவான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் பிறகு யாரையும் கேட்டதில்லை.