ஆள் கொள்ளாத லென்ஸ்

மலிவான வைட் ஆங்கிள் லென்ஸ் ஒன்று வாங்க மூன்று வாரமாக இணையத்தைக் குடைந்துகொண்டிருக்கிறேன். இந்த மூன்று வாரத்தில் ஒரு படமும் எடுக்கவில்லை. முற்றிய புகைப்படக்காரனுக்கு அதுதான் அடையாளம். குடும்பத்தில் எனக்கு முன்னால் இந்தக் கிறுக்கு பிடித்தவர் சித்தப்பா. பள்ளிக்கூடக் குமாஸ்தா. சவுதியிலிருந்து வந்த கூட்டாளியிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கிவிட்டு, அதற்கு லென்ஸ் தேட என்னையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனார். எனக்கு எட்டு வயது.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று இருபத்தெட்டு எம்.எம்., நிறைய ஆள் கொள்ளும், விலைதான் கட்டாது. மற்றது முப்பத்தைந்து; ஆள் கொஞ்சம் குறையும், விலை பாதி. சின்ன நம்பருக்கு அதிக விலை கேட்கும் மனிதர் கணக்கில் மோசம் என்று நான் முடிவு செய்தேன்.

"நம்ம குடும்பத்துக்கு இது காணும்" என்று சித்தப்பா முப்பத்தைந்தை எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதமே தாத்தா இறந்துபோனார். எங்கள் ஊர்ப்பக்கத்தில் சவப்பெட்டியை மூடுமுன் குடும்பம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்தாக வேண்டும். வளைகுடாவில் லீவு கிடைக்காதவர்கள் அடக்கத்தில் கலந்துகொள்வது அந்தப் படத்தின் வழியாகத்தான்.

முட்டத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். நாங்கள் புராட்டஸ்டண்டு, அவள் கடற்கரைக் கத்தோலிக்கர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவள். கர்த்தர் ஒருவர்தான் என்றாலும் தாத்தா பத்து வருஷம் அவள் முகத்தில் விழிக்கவில்லை.

"அப்பாகூட எனக்கு ஒரு போட்டோ இல்லடே. நானும் நிக்கட்டா?" என்று சித்தப்பாவிடம் கேட்டாள்.

"வாக்கா."

பெட்டியின் கால்மாட்டில், கடைசி ஆளாக, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா கேமராவில் கண்ணை வைத்தார். தலைமாட்டில் நின்ற பெரியப்பா ஒருமுறை செருமினார். சித்தப்பா கேமராவை இறக்கினார்.

"ஒரு ஆளு கொள்ளாதுக்கா" என்றார், லென்ஸைப் பார்த்தபடி.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு நகர்ந்தாள். பெரியப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு படம். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, இன்னொன்று.

எனக்கு அவமானமாகிவிட்டது. லென்ஸ் வாங்கும்போது கூட இருந்தவன் அல்லவா? பந்தல்காலைப் பிடித்து நின்றவளிடம் ஓடினேன்.

"வெசனப்படாதீங்க அத்தே. கடையில பெரிய லென்சு இருக்கு. அடுத்த தடவ நீங்களும் கொள்ளுவிய."

"அடுத்த தடவைக்கு அப்பனுக்கு நான் எங்க மக்கா போவேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. அவள் கண் சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நானும் பார்த்தேன். வாசல்வரை பெருக்கிவிட்ட வெறும் முற்றம். வேன் திருப்பலாம். கேமராவோடு ஒருவர் நாலெட்டு பின்னால் போக நினைத்தால் தடுக்க அங்கே ஒரு செடிகூட இல்லை.

அப்படி என்னத்தைப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.