தொண்ணூற்றாறுக்குக் கீழே

திங்கட்கிழமை காலை நாலரை மணிக்கு நிஸ் லோரன்சன் எடைக்கருவியின்மேல் ஏறுவார். கீழே பார்ப்பதற்கு முன் ஒரு மூச்சை வெளியே விடுவார். மூச்சில் எடை இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் விடுவார்.

தொண்ணூற்றாறு கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும். இருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு லாரியை எடுக்கப் போய்விடுவார். இல்லாவிட்டாலும் லாரியை எடுக்கத்தான் போவார், ஆனால் அன்று வழியெல்லாம் வானொலி ஓடாது.

டென்மார்க்கின் தென்கோடியில், ஜெர்மன் எல்லையை ஒட்டிய தாழ்நிலத்தில் இருபத்தெட்டு வருஷமாகப் பால் லாரி ஓட்டுகிறார். நாளுக்குப் பதினோரு பண்ணை. குழாய் பாலை இழுத்து முடிக்கிறவரை பண்ணைக்காரர்களோடு காப்பி. காப்பியோடு வெள்ளை ரொட்டியும் வெண்ணெயும் ஜாமும். வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. மனைவி கிர்ஸ்டன் சண்டை எதுவும் இல்லாமல் பிரிந்துபோன வருஷம் அவர் நூற்றுப்பத்து கிலோ. மகளின் கல்யாணத்தின்போது நூற்றிருபது. அக்கா டாக்மாருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த வருஷம் நூற்று முப்பத்தொன்று.

அக்காவுக்கு அவரைவிட ஆறு வயது கூட. கணவர் இறந்து தனியாக இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரம் அவள் ரத்தத்தைச் சுத்திகரித்துத் திருப்பித் தரும். அவளிடம் சொல்லாமலேயே நிஸ் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார். பெரிய ஆஸ்பத்திரியின் மருத்துவர் தாள்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:

"உங்க ரத்தம் அக்காவுக்குப் பொருந்துது. உங்க எடைதான் பொருந்தலை. தொண்ணூத்தாறுக்குக் கீழ வாங்க. வந்துட்டு ஒரு வருஷம் அங்கேயே நில்லுங்க. அப்பதான் மிச்சம் இருக்கற ஒத்தைச் சிறுநீரகம் உங்களைத் தாங்கும். இறங்கறவங்க நிறைய பேர். நிக்கறவங்கதான் எனக்கு வேணும்."

இறங்கினார். எட்டு மாதம் பொடியைக் கரைத்த சூப்பும் கீரையும். தொண்ணூற்றாறுக் கணக்கை அக்காவிடமும் சொன்னார்; அவள் பேச்சைத் தோட்டத்து ஸ்ட்ராபெரிக்கு மாற்றிவிட்டாள். மார்ச் மாதம் தொண்ணூற்று நான்கு. எட்டாவது பண்ணையில் ஆஸ்முஸ் என்ற கிழவர் லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"என்னப்பா நிஸ், மீதி ஆளை எங்கே இறக்கிட்டு வந்தே?"

"ஏழாவது பண்ணைல. உங்க டேங்க்லயும் கொஞ்சம் ஊத்தவா?"

அந்தச் சிரிப்பெல்லாம் கோடைக்குள் தீர்ந்துபோகும் என்று உணவு ஆலோசகர் ஸ்டினே முன்கூட்டியே சொல்லியிருந்தாள். மகள் வயதுப் பெண். மெதுவாகப் பேசுவாள்.

"எடை இறங்கறப்போ எல்லாரும் பாத்தாங்க, பாராட்டினாங்க. இனிமே யாரும் பாக்க மாட்டாங்க, நிஸ். அப்படியே இருக்கற ஆளை யாரு பாப்பாங்க? இதுதான் கஷ்டமான பகுதி. நீங்க பட்டினி கிடக்க வேண்டாம். எது வயித்துல மெதுவா கரையுதோ அதைச் சாப்பிடுங்க."

ஒரே அளவு ரொட்டிதான். ஒன்று ரத்தத்தில் சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி பசியைக் கூப்பிடும். இன்னொன்று அதை மெதுவாகக் கசிய விடும். கிளைசெமிக் குறியீடு என்று அதற்கு ஒரு பெயர் சொல்லி, ஒரு பட்டியலும் கொடுத்தாள். நிஸ் அதைத் தன் தொழில் கணக்கில் புரிந்துகொண்டார். பம்பை வேகமாக ஓட விட்டால் பாலோடு காற்றும் ஏறும், நுரைதான் மிஞ்சும். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும்.

அப்படியே செய்தார். முழுத்தானியம் கடிபடும் கறுப்பு ரை ரொட்டி, செங்கல் கனம். பார்லி, பயறு, முட்டைக்கோஸ், புளிப்பு ஆப்பிள். உருளைக்கிழங்கை முதல் நாளே அவித்து ஆறவைத்து, மறுநாள் குளிரக் குளிர ரொட்டிமேல் அடுக்கி, வெங்காயத்தாள் தூவி எடுத்துப்போவார். கொஞ்சம் மீன், கொஞ்சம் தயிர். பண்ணைகளில் காப்பி மட்டும். பதினோரு வீட்டிலும் மறுத்துப் பழக அவருக்கு ஒரு கோடைக்காலம் ஆயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் வாசலுக்கு முன்னாலேயே அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

அக்கா வீட்டில் நேர்மாறு. அந்தக் கறுப்பு ரொட்டி அவளுக்கு ஆகாது. அதிலுள்ள பொட்டாசியம் போன்ற உப்புச்சத்துகளை வெளியேற்ற அவள் உடம்புக்கு முடியாது. மருத்துவர்கள் அவளை வெள்ளை ரொட்டி சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். ஒரே மேசையில் எதிரெதிரே இரண்டு தட்டு. இவர் தட்டிலிருந்து அவள் எடுக்கக்கூடாது, அவள் தட்டிலிருந்து இவர் எடுக்கக்கூடாது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மேசையில் பதினான்கு வகை கேக் இருந்தது.

அந்தப் பக்கத்தில் காப்பி மேசை என்றால் அதுதான் கணக்கு. ஏழு மெத்தென்று, ஏழு மொறுமொறுப்பாக. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டாவது எடுக்க வேண்டும். எதையாவது தாண்டிப்போனால் அதைச் செய்த கையைத் தாண்டிப்போனதாக அர்த்தம். பண்ணையில் ஒரு ரொட்டியை மறுப்பது வேறு, இது வேறு. நோய் வந்ததிலிருந்து அக்கா அடுப்பை மூடி வைத்திருந்தாள். அடுப்பு எரிந்ததும் அவள் தேறி வருகிறாள் என்றுதான் நிஸ் நினைத்தார். அந்த எண்ணத்தைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து, மெத்தென்ற ஏழு கேக்கையும் முடித்து மொறுமொறுப்புக்கு வந்தார்.

"இன்னொண்ணு எடுத்துக்கோடா. பாதி ஆளா ஆயிட்டே."

"போதும்க்கா."

"என் மாமியார் போதும்னு சொல்றவங்களை வாசல் வரைக்கும் பார்வையாலயே அனுப்பி வெப்பா. நான் அவ்வளவு மோசம் இல்லை. எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறும் பதினான்கு. அதற்கடுத்ததும். வாரம் முழுக்கப் பயறும் பார்லியுமாக ஈடுகட்டப் பார்த்தார். முடியவில்லை. தொண்ணூற்று நாலரை. தொண்ணூற்றைந்தரை. கிறிஸ்துமஸ் கடந்தபோது தொண்ணூற்றாறைத் தாண்டியது. ஒவ்வொரு ஞாயிறும் காப்பியை ஊற்றிக்கொண்டே அவள் கேட்பாள், "இந்த வாரம் எவ்வளவு காட்டிச்சு?" அவர் ஒரு கிலோவைக் குறைத்துச் சொல்வார். அவள் கத்தியை எடுப்பாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொய் சொல்ல அலுத்துப்போயிற்று.

"தொண்ணூத்தேழு புள்ளி மூணு" என்றார்.

அவர் அப்போது தற்செயலாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வருத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பனியில் தாமதமான பேருந்திலிருந்து பிள்ளை இறங்குவதைச் சன்னல் வழியாகப் பார்த்த தாயின் முகம்போல, அது ஒரு கணம் தளர்ந்து ஓய்ந்தது. பிறகு அவள் கேக்கை வெட்டக் குனிந்துகொண்டாள்.

நிஸ் மேசையைப் பார்த்தார். பதினான்கு தட்டு. யாரும் ஒரே ஒரு விருந்தாளிக்குப் பதினான்கு தட்டு வைப்பதில்லை. கொட்டை, கிரீம், சாக்லேட் என்று எல்லாமே அவள் தொடக்கூடாதவை. வீட்டில் அவற்றைத் தின்ன அவர் ஒருவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

"அக்கா, யாருக்காக இதெல்லாம் சுடறே?"

"வேற யாருக்கு? உனக்குத்தான்."

"நான் அந்த எடைல தேறக்கூடாதுன்னா?"

கத்தி பாதி கேக்கில் நின்றது.

"உன் சிறுநீரகம் வேண்டாம்னு உன்கிட்ட சொன்னேனே" என்றாள்.

"எப்ப சொன்னே? ஒரு தடவைகூடச் சொல்லலை."

"அக்டோபர்லேர்ந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லிட்டுதானே இருக்கேன்."

வெளியே யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்கள்.

"நீ அந்த ஆபரேஷன் மேசைல படுத்து எழுந்திருக்கலைன்னா உன் மகளுக்கு யாருடா பதில் சொல்றது? நானா? உன்னை வெட்டி எடுத்ததை வயித்துல வெச்சுக்கிட்டா? எனக்கு இயந்திரம் பழகிப்போச்சு."

நிஸ் தட்டைத் தள்ளி வைத்தார். காகிதக் கைத்துண்டை எடுத்து அதன்மேல் விரித்தார். அந்தப் பக்கத்தில் அதைவிடக் கடுமையாக ஒருவர் நடந்துகொள்ள முடியாது.

"நான் சாப்பிடமாட்டேன்க்கா."

"அப்படின்னா வராதே."

அதன்பிறகு அவர் அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஏழு ஞாயிற்றுக்கிழமை. கேக் இல்லாத ஞாயிறு எளிதாக இருக்கும் என்று நினைத்தவருக்கு அதுதான் வாரத்தின் நீளமான நாளாக இருந்தது. மூன்று மணி ஆனால் பசி வந்தது. அது வயிற்றுப் பசி இல்லை என்று தெரிந்தே பயறைக் கொதிக்க வைத்தார், சாப்பிட்டார், அணைக்கரைமேல் இருட்டும்வரை நடந்தார். ஆறிப்போன கிழங்கு. அரைப்பிடி பார்லி. யாரும் பார்க்கவில்லை. ஒருமுறை நகரத்து பேக்கரியின் சன்னல் முன்னால் லாரியை நிறுத்திவிட்டு, இறங்காமல், இயந்திரத்தையும் அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். அன்று எட்டாவது பண்ணைக்குத் தாமதமாகப் போனார். ஆஸ்முஸ் காரணம் கேட்கவில்லை, காப்பியை மட்டும் நீட்டினார்.

மார்ச்சில் ஆஸ்பத்திரித் தராசு தொண்ணூற்றைந்து புள்ளி இரண்டு காட்டியது. மருத்துவர் வரைபடத்தில் விரலை வைத்தார்.

"ஜனவரில இங்க ஒரு மேடு இருக்கே?"

"அக்கா வீட்டுல காப்பி குடிச்சேன்."

மருத்துவர் தலைநகரத்துக்காரர். காப்பிக்கா இவ்வளவு என்று புருவம் உயர்த்தினார். பிறகு பேனாவை மூடினார். "ஆனா திரும்பி இறங்கியிருக்கீங்க. நீங்களாவே. அது போதும் எனக்கு. உங்க பக்கம் முடிஞ்சுது. வாங்கிக்கறவங்க சம்மதிக்கணும். போன வாரம் கூப்பிட்டோம், டாக்மார் வரலை."

வியாழக்கிழமை லாரியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் இயந்திரத்தோடு படுத்திருக்கும் அறைக்குப் போனார். மூன்று வருஷத்தில் அந்த அறைக்குள் அவர் வந்ததே இல்லை. அவள் வர விட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையிலிருந்து இரண்டு குழாய், ஒன்றில் போய் ஒன்றில் வந்தது. அவருக்குத் தெரிந்த வேலைதான் அது, குழாயும் பம்பும். ஆனால் இந்தப் பம்ப் நாலு மணி நேரம் நிற்கவில்லை. இரண்டாம் மணியில் அவள் உதடு வெளுத்தது. மூன்றாம் மணியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பல்லைக் கடித்தாள். அவர் காலைப் பிடித்து நீவிவிட்டார். பழகிப்போச்சு என்று அவள் சொன்னது இதைத்தான்.

"தேறிட்டியாமே" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"யாரு சொன்னா?"

"நர்ஸ். தேறணும்னு என்னைப் பாக்காம ஏழு வாரம் இருந்திருக்கே."

"நீதானே வராதேன்னே."

"நான் சொன்னதை எப்படா கேட்டிருக்கே நீ."

நிஸ் அவள் காலை மறுபடி நீவிவிட்டார். இயந்திரத்தின் திரையில் ஓர் எண் மாறிக்கொண்டிருந்தது.

"குடுத்ததுக்கு அப்புறம்? அப்பவாவது சாப்பிடலாமா நீ?"

"இல்லக்கா. ஒண்ணுதானே மிச்சம். இப்படியேதான், கடைசி வரைக்கும்."

"கடைசி வரைக்குமா?"

"ஆமா."

"என்னைப் பயமுறுத்தி வேண்டாம்னு சொல்ல வைக்கப் பாக்கறியா?"

"இல்லை. எனக்கு இது முடியுதுன்னு சொல்றேன். முடியும்னு எனக்கே ஜனவரிலதான் தெரிஞ்சுது."

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். தோள் எலும்பையும், தொளதொளவென்று தொங்கிய பழைய சட்டையையும். பிறகு கூரையைப் பார்த்தபடி பேசினாள்.

"ஜூன்ல முடியாது. ஸ்ட்ராபெரி வந்துடும், பறிக்க ஆளில்லை."

"சரி."

"ஏப்ரல்ல ரொம்பக் குளிரு."

"ஆமா."

"மே மாசம்னா அவங்களுக்கு முடியுமான்னு கேளு."

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. கால் மறுபடி இழுத்துவிடுமோ என்று பிடித்தபடியே இருந்தார். நர்ஸ் வந்து குழாய்களைக் கழற்றிய பிறகுதான் மே மாதத்தைப் பற்றிக் கேட்டார்.